வீட்டுக்கு மேலால் தாழப் பறக்க ஆசையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கனடாவில் விமானி உரிமம் எடுத்த என் மருமகன் போன கிழமை தொலைபேசியில் கேட்டான்: "மாமா, பலாலி எயார்போட்டில சின்ன பிளேன் ஒன்று கிடைச்சா, எங்கட வீட்டுக்கு மேலால பதிவாப் பறந்து அம்மாவுக்குக் கை காட்டலாமே?" பறக்கப் பழக்கிக் கொடுத்தவன் நான். மனம் பதறிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, அதனால் தாழப் பறக்கலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. வளர்ந்த பனையே 100 அடி வரை நிற்கும். அதற்கு மேல் தொலைபேசிக் கோபுரங்கள். எல்லாவற்றையும் விட மோசமானது கம்பி. செஸ்னா 172 போன்ற விமானம் சாதாரணமாகவே நொடிக்கு 50 மீற்றர் போகும். 200 மீற்றரில் கம்பி கண்ணில் பட்டால் கையில் இருப்பது நாலு நொடி. ஆகவே கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். கடந்தே ஆகவேண்டுமென்றால் கம்பத்துக்கு மேலால் கடவுங்கள். தைப்பொங்கல் காலத்து வல்வெட்டித்துறையில் அதுவும் உதவாது. பட்டக் கயிற்றுக்குக் கம்பம் ஏது? அதன் மறுமுனை கடற்கரையில் நிற்கும் பெடியன்களின் கையில்.

அடுத்தது, உயிரைக் குடிக்கும் தவறு. வீடு தெரிந்ததும் அதையே பார்த்துக்கொண்டு விமானத்தைச் சரித்து வட்டமடிப்பது. உயரம் குறையாமல் 60 பாகை சரித்துத் திரும்பினால், இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம் 40 வீதம் கூடிவிடும். நேர்ப்பறப்பில் 50 நொட்டில் (ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) வருவது 70 நொட்டிலேயே வந்துவிடும். சோளகக் காற்று முதுகில் அடித்தால் இன்னும் ஆபத்து. பனைகள் விர்ரென்று ஓடுவதைப் பார்த்து, வேகம் கூடிவிட்டது என்று விமானி தன்னை அறியாமல் வேகத்தைக் குறைப்பார். தரை ஓடும் வேகம் வேறு, இறக்கைக்குக் கிடைக்கும் காற்றின் வேகம் வேறு. வேகமானியைப் பாருங்கள். தூக்குவிசை போனால் மீள நூற்றுக்கணக்கான அடி வேண்டும். அது உங்களுக்குக் கீழே இருக்காது.

இயந்திரம் நின்றால்? 500 அடியில் சுமார் 40 நொடி கிடைக்கும். 150 அடியில் 12 நொடி. எங்கள் தோட்டக் காணிகள் சின்னவை, சுற்றிலும் வேலி, நடுவே கிணறு. எங்கே இறக்குவது?

சரி, கடல்நீரேரிக்கு மேலால் போகலாமே என்பார்கள். காற்றில்லாத காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. பூநாரைக் கூட்டம் கிளம்பினால் ஒதுங்கவும் இடம் இருக்காது.

ஊர்மனைக்கு மேலே, விமானத்தைச் சுற்றி 600 மீற்றர் ஆரைக்குள் உள்ள மிக உயர்ந்த தடையிலிருந்து 1000 அடி, மற்ற இடங்களில் 500 அடி என்பது சர்வதேச விதி. மருமகனுக்கு 1500 அடி என்றேன். "அங்கிருந்து அம்மா தெரிவாவா?" என்று கேட்டான். கிணற்றுக்கட்டே தெரியும், பக்கத்தில் சிவப்புச் சீலையோடு நிற்கச் சொல்லி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.