பிரிக் கார் மாடலுக்குக் கருத்து சொல்றீங்களா? ஸ்டட் கணக்குல சொல்லுங்க

ஒருத்தர் ராத்திரி பகலா உக்காந்து லெகோ பிரிக்ல சொந்தமா ஒரு கார் டிசைன் பண்ணி, ஃபோட்டோ எடுத்துப் போட்டு "எப்படி இருக்கு, குறை இருந்தா சொல்லுங்க"ன்னு கேக்குறார். கீழ வர்ற பதில் எல்லாம் "செம ப்ரோ", "வேற லெவல்", இல்லேன்னா "என்னமோ இடிக்குதே, முன்பக்கம் சரியில்ல". பாராட்டு சந்தோஷம்தான், ஆனா ரெண்டுமே அவருக்கு உதவாது, ஏன்னா மறுநாள் அந்தக் காரைக் கையில எடுத்து எந்த பிரிக்கைக் கழட்டணும், எதை மாத்தணும்னு அதுல ஒண்ணுமே இல்ல. குறையை பிரிக் அளவுல சொல்லணும்ங்கிறதுதான் என்னோட கருத்து. "கூரை உயரமா இருக்கு"ன்னு நிறுத்தாம "கூரையை ரெண்டு பிளேட் இறக்கிப் பாருங்க"ன்னு சொன்னாதான் அது விமர்சனம். அதை எப்படிப் பண்றதுன்னு எழுதுறேன்.

அளவு தெரியாதவங்களுக்காக அடிப்படை மட்டும். பிரிக் மேல இருக்குற வட்டப் புடைப்புதான் ஸ்டட், ஒரு ஸ்டட்டோட மையத்துல இருந்து அடுத்ததோட மையத்துக்கு 8 மில்லிமீட்டர். ஒரு பிரிக் உயரம் 9.6, பிளேட்ங்கிற மெல்லிசு பீஸ் 3.2, அதாவது மூணு பிளேட் சேந்தா ஒரு பிரிக். அஞ்சு பிளேட்டை அடுக்கினா 16 மில்லிமீட்டர், அது சரியா ரெண்டு ஸ்டட் அகலம். பிரிக்கைப் பக்கவாட்டுல திருப்பிப் போட்டுக் கட்டுற ஸ்நாட் டெக்னிக் பெரும்பாலும் இந்தக் கணக்கை வச்சுதான் ஓடுது, அதனால இது மனசுல இருந்தா அடுத்தவர் மாடல்ல எங்க இடைவெளி வந்திருக்கு, ஏன் வந்திருக்குன்னு பாத்தவுடனே புரியும்.

வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி கேள்வி கேளுங்க. எந்த கார், எந்த வருஷத்து மாடல், மினிஃபிகர், அதாவது லெகோவோட குட்டி மனுஷ பொம்மை, உள்ள உக்காரணுமா வேண்டாமா, கையில இருக்குற பிரிக்கை மட்டும் வச்சுக் கட்டினாரா இல்ல தேவையானதை வாங்கிக் கட்டினாரா, நிஜ பிரிக்கா கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணதா. இதுல ஒவ்வொரு பதிலும் உங்க கருத்தையே மாத்திடும். மினிஃபிகரையே எடுத்துக்குங்க, உயரம் சுமாரா 4 சென்டிமீட்டர், ஆனா நிஜ மனுஷனோட ஒப்பிட்டா உயரத்துக்கு மீறின அகலம், அதனால ரெண்டு பேரைப் பக்கத்துல பக்கத்துல உக்கார வைக்கணும்னாலே கார் அகலமாயிடும். லெகோவோட ஸ்பீடு சாம்பியன்ஸ் வரிசையே 2015ல 6 ஸ்டட் அகலத்துல ஆரம்பிச்சு 2020ல 8 ஸ்டட்டுக்கு மாறிச்சு. மினிஃபிகருக்காக அகலம் கூட்டினவர்கிட்ட "ரொம்ப அகலமா இருக்கே"ன்னு சொன்னா அது அவர் தெரிஞ்சே எடுத்த முடிவு, அதைக் குறைன்னு சொல்றது நியாயம் இல்ல.

அடுத்தது ஃபோட்டோ. இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. ஃபோனை காருக்கு ஒரு சாண் தூரத்துல வச்சு எடுத்தா பானெட் பூதாகரமா தெரியும், பின்பக்கம் சுருங்கிடும், நேரான கோடு கூட வளையும். அதைப் பாத்துட்டு மூக்கு நீளம்னு சொன்னா அவர் சரியா இருக்குற மூக்கை வெட்டிடுவார். அதனால அளவு பத்திப் பேசுறதுக்கு முன்னாடி, ரெண்டடி மூணடி தள்ளி நின்னு கொஞ்சம் ஜூம் பண்ணி, கேமராவை சக்கர உயரத்துக்கு இறக்கி, நேர் பக்கவாட்டு, நேர் முன், நேர் பின், மேல இருந்து ஒண்ணுன்னு ஃபோட்டோ கேளுங்க. நிஜ காரோட பக்கவாட்டுப் படத்தையும் பக்கத்துல வச்சுக்குங்க, ஞாபகத்துல இருந்து பேசாதீங்க, நமக்கு ரொம்பப் பிடிச்ச கார்னா கூட ஞாபகம் ஏமாத்தும்.

இப்போ முக்கியமான இடம், ப்ரபோர்ஷன், அதாவது நீளம், அகலம், உயரம் ஒண்ணுக்கொண்ணு இருக்குற விகிதம். மாடல் சரியா வரலேன்னா பத்துல எட்டு தடவை காரணம் இங்கதான் இருக்கும்னு நினைக்கிறேன், ஆனா ஆளுங்க ஹெட்லைட்டைப் பத்தியும் ஸ்டிக்கரைப் பத்தியும்தான் பேசுவாங்க. ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். 1959ல வந்த பழைய மினி கார். அகலம் சுமார் 1397 மில்லிமீட்டர், நீளம் 3054, ரெண்டு ஆக்சிலுக்கு நடுவுல இருக்குற வீல்பேஸ் 2036, உயரம் 1346. இதை 8 ஸ்டட் அகலத்துல கட்டினா மாடல் அகலம் 64 மில்லிமீட்டர், அப்போ ஸ்கேல் சுமாரா 1:22. அந்தக் கணக்குல நீளம் 140 மில்லிமீட்டர், அதாவது பதினேழரை ஸ்டட். வீல்பேஸ் 93, பன்னெண்டு ஸ்டட்டுக்குக் கொஞ்சம் கம்மி. தரையில இருந்து உயரம் 62 மில்லிமீட்டர் கிட்ட, சுமாரா 19 பிளேட். அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒண்ணா வருது பாத்தீங்களா, அந்தக் காரோட முகமே அதுலதான் இருக்கு. ஒருத்தர் இதே 8 ஸ்டட் அகலத்துல நீளத்தை 20 ஸ்டட்டுக்கு இழுத்துட்டார்னா, எவ்வளவு அழகா கிரில் கட்டினாலும் அது மினியா தெரியாது. அப்போ நீங்க சொல்ல வேண்டியது "நீளத்துல ரெண்டு இல்ல ரெண்டரை ஸ்டட் அதிகம், கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுலதான் கூடுதலா தெரியுது". அரை ஸ்டட் வந்தா பயப்பட வேண்டாம், நடுவுல ஒரே ஒரு ஸ்டட் இருக்குற ஜம்பர் பிளேட் போட்டா அரை ஸ்டட் நகத்தலாம், அதையும் சேத்துச் சொல்லிடுங்க.

இந்த ஸ்கேல்ல ஒரு பிளேட் நிஜ கார்ல எவ்வளவுன்னு யோசிச்சிருக்கீங்களா? 3.2 மில்லிமீட்டரை 22 மடங்கு ஆக்கினா 7 சென்டிமீட்டர். ஒரு ஸ்டட் பதினேழரை சென்டிமீட்டர். நிஜ மெக்கானிக் ஒருத்தர் காரை 7 சென்டிமீட்டர் தூக்கி வச்சா ரோட்டுல போறவங்க எல்லாருக்கும் தெரியும், அப்புறம் மாடல்ல டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு பிளேட் இடைவெளி கூடுதலா இருந்தா கண்ணு கண்டுபிடிக்காதா? கார் ஏதோ ஜீப் மாதிரி நிக்குது, காரணம் புரியலன்னு யாராவது சொன்னா முதல்ல அந்த இடைவெளியைத்தான் பாக்கணும்.

டயரைப் பத்தித் தனியா சொல்லணும். மத்த எல்லாத்தையும் பிளேட் கணக்குல கூட்டிக் குறைக்கலாம், டயர் ஒண்ணுதான் கம்பெனி குடுத்த அளவுதான், வெட்ட முடியாது. அதனால அனுபவம் உள்ள பில்டர்ங்க டயரை முதல்ல முடிவு பண்ணிட்டு அதுல இருந்து ஸ்கேல் எடுப்பாங்க. மினிக்கு 10 இன்ச் ரிம்தான், டயரோட சேத்து விட்டம் அரை மீட்டர் கிட்ட வரும், 1:22ல 22, 23 மில்லிமீட்டர். அந்த இடத்துல 30 மில்லிமீட்டர் டயர் மாட்டினா கார் அப்பா செருப்பை மாட்டிக்கிட்டு நடக்குற குழந்தை மாதிரி ஆயிடும். டயர் அளவு தப்பா இருந்தா ரெண்டு வழி இருக்கு, டயரை மாத்துறது, இல்லேன்னா அதே டயரை வச்சுக்கிட்டு கார் மொத்தத்தையும் ஒரு ஸ்டட் ரெண்டு ஸ்டட் அகலப்படுத்தி ஸ்கேலை மாத்துறது. ரெண்டாவது பெரிய வேலைதான், ஆனா சொல்லலாம், முடிவு அவரோடது.

அதுக்கப்புறம் கண்ணாடிப் பகுதி. ரெடிமேடா வர்ற முன் கண்ணாடி பீஸ் எல்லாம் அதது ஒரு சாய்வுல இருக்கும், நம்ம கார் சாய்வு அதுக்கு ஒத்துப்போகணும்னு கட்டாயம் இல்ல. முன் கண்ணாடி நிமிந்து நின்னா ஸ்போர்ட்ஸ் கார் கூட வேன் ஆயிடும். கண்ணாடிகளுக்கு நடுவுல கூரையைத் தாங்குற தூணுங்களையும் கவனிங்க. ஒரு ஸ்டட் தடிமன்ல கட்டின தூண் 1:22ல பதினேழரை சென்டிமீட்டர் தூண், பழைய கார்ல எல்லாம் தூண் மெலிசுதான், அதனால அந்த இடத்துல குச்சி மாதிரி இருக்குற பார் பீஸும் அதைப் பிடிக்கிற கிளிப்பும் போட்டு மெல்லிசாக்க முடியுமான்னு கேளுங்க. கூரையும் அப்படித்தான், பிளேட்டு மேல பிளேட், அதுக்கு மேல ஸ்லோப்ங்கிற வளைஞ்ச சாய்வு பீஸ்னு அடுக்கிக்கிட்டே போனா தலை கனமா தெரியும்.

முகத்துக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு. ஃபோட்டோவைக் கருப்பு வெள்ளை ஆக்கி, விரல் நகம் அளவுக்குச் சுருக்கி, கார் பைத்தியம் இல்லாத யாராவது ஒருத்தர்கிட்ட ரெண்டு மூணு கார் பேரைச் சொல்லி இதுல எதுன்னு கேளுங்க. சரியா சொல்லிட்டா முகம் ஜெயிச்சாச்சு. சொல்லலேன்னா பெரும்பாலும் ஹெட்லைட்டோட உருவத்தை விட அதோட இடம்தான் பிரச்சனை, அரை ஸ்டட் உள்ள தள்ளியோ வெளிய தள்ளியோ இருக்கும். சின்ன ஸ்கேல்ல விவரம் கூடக் கூட முகம் குழம்பும், அதனால "இதைச் சேருங்க"ன்னு சொல்றதை விட "இதை எடுத்துடுங்க"ன்னு சொல்றது பல நேரம் நல்ல யோசனை.

டெக்னிக் பக்கம் வருவோம். மேல ஸ்டட் தெரியுறது குறையே இல்ல, அது ரசனை, சிலருக்கு ஸ்டட் இல்லாத டைல் பீஸ் போட்டு வழவழன்னு ஆக்கினா பிடிக்கும், சிலருக்கு ஸ்டட் தெரிஞ்சாதான் அது பிரிக் கார். ஆனா பானெட்ல மட்டும் ஸ்டட் தெரிஞ்சு மத்த இடம் எல்லாம் வழவழன்னு இருந்தா, வேணும்னு வச்சீங்களான்னு கேக்கலாம். இடைவெளி இருந்தா எத்தனை மில்லிமீட்டர்னு பாத்து வழி சொல்லுங்க, எல் வடிவத்துல இருக்குற பிராக்கெட் பீஸோட மெல்லிசுப் பக்கம் அரை பிளேட் தடிமன், 1.6 மில்லிமீட்டர், பல இடைவெளி அந்த ஒரு பீஸ்லயே மூடிடும். பிரிக்குக்கு அழுத்தம் குடுக்குற இணைப்பு, அதாவது வளைச்சுத் திணிச்சு நிக்க வச்சது, ஸ்டட்டுக்கு நடுவுல பிளேட்டை செங்குத்தா சொருகினது, இதெல்லாம் பாத்தா கட்டாயம் சொல்லுங்க. நாளாக ஆக பிளாஸ்டிக் வெளுத்து விரிசல் விடும், அவர் காசு போட்டு வாங்கின பீஸ் அது.

கையில எடுத்துப் பாக்குற வாய்ப்பு கிடைச்சா, கேட்டுட்டு, கூரையை விட்டுட்டு பக்கவாட்டுல பிடிச்சுத் தூக்குங்க, மேசையில உருட்டிப் பாருங்க, சக்கரம் உரசுதான்னு காதால கேளுங்க. கம்ப்யூட்டர் டிசைன்னா அங்க எடை கிடையாது, ஒரே ஒரு ஸ்டட்ல தொங்குற பம்பர் கூட ஸ்க்ரீன்ல அழகா நிக்கும், அதனால ஒவ்வொரு பகுதியும் எத்தனை ஸ்டட்ல பிடிச்சிருக்குன்னு கேளுங்க. அந்த பீஸ் அந்தக் கலர்ல நிஜமா வருதான்னும் கேளுங்க, மென்பொருள்ல எல்லாப் பீஸுக்கும் எல்லாக் கலரும் அடிச்சுடலாம்.

கலர் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, பழைய வெள்ளையும் புது வெள்ளையும் கலந்தா திட்டுத் திட்டா தெரியும், பழசை அடியில போடச் சொல்லுங்க, அவ்வளவுதான்.

கியர், ஆக்சில் எல்லாம் வச்சுக் கட்டுற லெகோவோட டெக்னிக் (Technic) வரிசை பீஸ்ல கட்டின கார் வேற உலகம். 2018ல வந்த புகாட்டி ஷிரான் மாதிரி 1:8 ஸ்கேல் மாடல்ல 3599 பீஸ், உள்ள கியர்பாக்ஸ், பிஸ்டன் எல்லாம் ஓடும். இந்த மாதிரி கட்டினவர்கிட்ட ஹெட்லைட் வடிவத்தைப் பேசி நேரத்தைக் கடத்தாதீங்க. அடிப்பக்க ஃபோட்டோவும் ஓடுற வீடியோவும் கேளுங்க. ஸ்டியரிங் முழுசா திருப்பினா டயர் மட்கார்டுல இடிக்குதா, சொந்த எடையிலயே சஸ்பென்ஷன் உக்காந்துடுதா, திருப்பத்துல ரெண்டு பின் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த டிஃபரென்ஷியல் இருக்கா, கியர் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா மாறுதா, ஆக்சில்ல ஆட்டம் எவ்வளவு. இங்க அழகு ரெண்டாவதுதான்.

கடைசியா சொல்ற விதம். ஒரே தடவையில பதினஞ்சு குறை கொட்டாதீங்க, ரெண்டு மூணு போதும், அதுவும் பெருசுல இருந்து ஆரம்பிங்க, வீல்பேஸே தப்பா இருக்கும்போது பின் லைட் கலரைப் பேசி என்ன பிரயோஜனம், வீல்பேஸை மாத்தினா பின்பக்கம் முழுசும் பிரிஞ்சு வந்துடுமே. நல்லா இருக்குறதையும் அதே துல்லியத்தோட சொல்லுங்க, "சூப்பர்"னு விடாம "மட்கார்டு வளைவுக்கு ரெண்டு ஸ்லோப்பைத் தலைகீழா போட்டது பிரமாதம், அதை மட்டும் மாத்திடாதீங்க"ன்னு சொன்னா அவர் அடுத்த வெர்ஷன்ல அதைக் காப்பாத்துவார். உங்ககிட்ட பிரிக் இருந்தா, சொல்ற யோசனையை முதல்ல நீங்களே அந்த மூலையை மட்டும் கட்டிப் பாத்துட்டு ஃபோட்டோவோட சொல்லுங்க, பாதி நேரம் மனசுல வந்தது கையில வராது. கட்டினது சின்னப் பிள்ளைன்னா இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், எந்த இடம் கட்டக் கஷ்டமா இருந்துச்சுன்னு கேளுங்க, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் உதவி பண்ணுங்க.

அவர் மாத்திட்டு திரும்பக் காட்டும்போது பழசையும் புதுசையும் ஒரே தூரத்துல, ஒரே கோணத்துல எடுத்துப் போடச் சொல்லுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, நீங்க சொன்ன மாத்தத்தை விட பழசே நல்லா இருந்துச்சுன்னா அதையும் நேரா சொல்லிடுங்க, அவர் அந்த ரெண்டு பிளேட்டைத் திரும்ப வச்சுடட்டும்.