சாணத்தைச் சலித்து நாற்று விடுவது எப்படி

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு மரநாய் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து கழித்துவிட்டுப் போகும். எப்போதும் ஒரே இடம், தண்ணீர்த் தொட்டிக்கு நேரே உள்ள தூண். பக்கத்து வீட்டுச் சேட்டன் அதை மரப்பட்டி என்பார். பொறி வைத்துப் பிடிக்கலாம் என்றுகூட யோசனை சொன்னார். நான் ஒரு குச்சியை எடுத்து எச்சத்தைக் கிளறிப் பார்த்தேன். கூந்தல்பனைக் கொட்டை ஒன்பது, காப்பிக்கொட்டை ஒரு பிடி, பெயர் தெரியாத சிறு விதைகள் கொஞ்சம். ஒன்றுகூடக் கடிபடவில்லை. சதை மட்டும் போயிருந்தது.

அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு நாற்றுப்பண்ணையில் 'நாட்டு மரக்கன்று' என்று காசு கொடுத்து வாங்கி, பாதிக்கு மேல் பட்டுப்போயிருந்தது. மரநாய் இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்கும்போது நாம் ஏன் அலைய வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு மறையூரில் கரும்பு வெள்ளாமை, வெல்லம் காய்ச்சுவது தொழில். நிலத்துக்குக் கீழே இறங்கினால் சின்னாறு சரணாலயம், அதைத் தாண்டினால் உடுமலைப் பக்கம். மூணாறில் கொட்டுகிற மழை இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான். உங்கள் ஊர் மழைக்குத் தக்கபடி மாதத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். சரணாலயத்துக்குள்ளிருந்து விதையோ சாணமோ எதையும் எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நிற்கிறது. உங்கள் சுவர், வரப்பு, கிணற்றுமேடு, மின்கம்பிக்கு அடியில், இவையே போதும். யானை சரணாலயத்தின் எல்லைக்கல்லைப் பார்த்தா நடக்கிறது? அதுவே நம் நிலத்துக்குள் வந்து போட்டுவிட்டுப் போகும்.

எதை எங்கே தேடுவது என்பதில்தான் பாதி வேலை. மரநாய் சுவர், பாறை, விழுந்த மரம் என்று கொஞ்சம் உயரமான இடமாகப் பார்க்கும். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். கரடி எச்சத்தில் கறையான், எறும்புத் துணுக்குகளோடு இலந்தைக் கொட்டையும் சரக்கொன்றை விதையும் கிடைக்கும். அது புதிதாகக் கிடந்தால் எடுக்கக் குனியாதீர்கள், கரடி பக்கத்தில்தான் இருக்கும். வௌவாலும் சின்னானும் (கொண்டைக்குருவி) குயிலும் குக்குறுவானும் கிளைக்கும் கம்பிக்கும் அடியில் போட்டு வைக்கும். வேம்பு, நாவல், அத்தி, சந்தனம் என்று எங்கள் பக்கத்தில் பறவை விதைப்பதற்குக் குறைவில்லை.

மானிடம்தான் நான் முதலில் ஏமாந்தேன். புள்ளிமான் நெல்லிக்காய் தின்பதைக் கண்ணால் பார்த்தவன், அதன் புழுக்கையைக் கூடை கூடையாகச் சலித்தும் ஒரு நெல்லிக் கொட்டைகூடக் கிடைக்கவில்லை. மான் அசைபோடுகிற பிராணி. நெல்லிக் கொட்டை அளவுக்குப் பெரியதை அது உள்ளே விடாது. நிழலில் படுத்து அசைபோடும்போது வாய் வழியாகவே துப்பிவிடும். அப்புறம்தான் மான் படுக்கிற புளியமரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தமான கொட்டைகள் சின்னச் சின்னக் கும்பலாகக் கிடந்தன. பக்கத்தில் ஒரு நெல்லிமரம்கூடக் கிடையாது. தாய்மரத்தடியில் விழுகிற விதைக்கு நிழல், பூச்சி, நோய் என்று எதிரிகள் அதிகம். அதை அங்கிருந்து நகர்த்துவதே மான் செய்கிற பெரிய உபகாரம்.

தின்கிற எல்லாமே விதைப்பதில்லை. கிளியும் முள்ளம்பன்றியும் விதையையே அரைத்துத் தின்றுவிடும். சின்னாற்றின் சாம்பல் மலையணிலும் பெரும்பாலும் அந்தக் கட்சிதான்.

யானைச் சாணம் தனிக் கதை. யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தின்னும், அதில் பாதிகூடச் செரிக்காது. எதிலிருந்து வந்தது என்பதைச் சாணமே காட்டிவிடும். ஆர்வத்தில் நான் முதலில் எடுத்த இரண்டு உருண்டையும் வெறும் கரும்புச் சக்கை. என் கரும்பேதான். மாசி, பங்குனியில் எடுத்தால் புளியங்கொட்டை இருக்கும், விளாம்பழக் காலத்தில் விளா விதை. காலையிலேயே எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் சாண வண்டு உருட்டிக்கொண்டு போய்விடும். அதுவும் விதையை மண்ணுக்குள் புதைக்கிற வேலைதான், ஆனால் நம் கணக்குக்கு வராது.

இனி கழுவுவது. கையுறை கட்டாயம். எச்சத்தைக் காயவைத்துச் சலிக்காதீர்கள், அந்தத் தூசி மூக்குக்குள் போகக் கூடாது. பழைய வாளியில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் தண்ணீர் ஊற்றிச் சல்லடையில் அலசுங்கள். மேலே பெருங்கண் சல்லடை, கீழே மாவுச் சல்லடை என்று இரண்டு வேண்டும். ("என் சல்லடையைத் தொட்டீங்கன்னா சமையல் கிடையாது" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தனியாக வாங்கிவிடுவது நல்லது.) அலசிய தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள்.

கிடைத்த விதைகளை வகை பிரித்து எண்ணி நோட்டில் எழுதுங்கள்: தேதி, இடம், எந்தப் பிராணி, மேலே என்ன மரம் நிற்கிறது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் மரத்திலிருந்து தானாக விழுந்த விதையும் பிராணி கொண்டுவந்த விதையும் கலந்துவிடும். தட்டில் பெயர் எழுதப் பென்சில்தான். ஸ்கெட்ச் பேனா இரண்டாவது மழையில் அழிந்துவிடும்.

விதைக்க மூன்று தட்டு வையுங்கள். ஒன்றில் எச்சத்திலிருந்து எடுத்த விதை. இன்னொன்றில் அதே மரத்துப் பழத்திலிருந்து கையால் சதை நீக்கிய விதை. மூன்றாவதில் வெறும் மண், விதையே இல்லாமல். இந்த வெறும் தட்டை நான் முதல் வருஷம் வைக்கவில்லை. யானைச் சாணத்திலிருந்து இத்தனை செடியா என்று ஊரெல்லாம் காட்டினேன். பார்த்தால் பாதி என் தோட்டத்து மண்ணிலேயே கிடந்த களை. இப்போது வெல்லம் காய்ச்சும் அடுப்பு அணைந்ததும் அந்தச் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கவைத்து, மண்ணில் ஊற்றி ஆறவிட்டுத்தான் தட்டில் நிரப்புகிறேன்.

இரண்டு விதைத் தட்டையும் ஒப்பிட்டால் ஒன்று புரியும். வயிற்றுக்குள் போய் வந்தால் எல்லா விதையும் வேகமாக முளைக்கும் என்பது பொய். சிலதற்கு வித்தியாசமே இருக்காது. நெல்லிக் கொட்டையை வெயிலில் காயவைத்தால் போதும், தானே வெடித்து விதை வெளியே வரும். சரக்கொன்றை விதைக்குத் தோல் கெட்டி, உரசியோ வெந்நீரில் போட்டோதான் முளைக்கவைக்க வேண்டும். சந்தனம் பொறுமையைச் சோதிக்கும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முளைத்த பிறகு அதே பையில் ஒரு துவரைச் செடி வையுங்கள். பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சாமல் சந்தனம் தேறாது. சந்தனம் விஷயத்தில் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

முளைத்ததையெல்லாம் நடாதீர்கள். உண்ணிச்செடியையும் இதே சின்னான்தான் விதைக்கிறது. சீமைக்கருவேல நெற்றை ஆடும் மாடும் தின்று ஊரெங்கும் போட்டன. பறவைக்கும் ஆட்டுக்கும் நாட்டுச் செடி, வெளிநாட்டுச் செடி தெரியாது. தட்டில் அடையாளம் தெரிந்ததுமே பிடுங்கிவிடுங்கள். நல்ல கன்றுகளை ஐப்பசி முதல் மழைக்கு நிலத்தில் இறக்குங்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் பார்த்ததாகும். விதைத்த அதே வாய்தான் முளைத்ததைக் கடிக்கவும் செய்கிறது. அதைப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நிலத்து ஓரத்தில் மானும் காட்டெருமையும் வந்து போகிற இடமாகப் பாருங்கள். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் என இரண்டு சதுரம், பக்கம் பக்கமாக. ஒன்றைச் சுற்றி நான்கு கம்பம் நட்டுக் கம்பிவலை அடியுங்கள். முயல் நுழையாதபடி அடிப்பக்கம் மண்ணில் புதையட்டும். இன்னொன்றுக்கு மூலைக்கு ஒரு கல் மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டிலும் என்னென்ன செடி, புல் எவ்வளவு உயரம், எத்தனை மரக்கன்று என்று எழுதுங்கள். யானை மிதித்துவிட்டால் மறுபடி கட்ட வேண்டியதுதான். நான் இருமுறை கட்டினேன்.

வெளிச் சதுரத்தில் கடித்த நுனிகளையும் பாருங்கள். மாடு, மான், காட்டெருமைக்கு மேல்வரிசையில் முன்பல் இல்லை. அதனால் கடித்த இடம் நார் நாராகப் பிய்ந்திருக்கும். முயல் கடித்தது கத்தியால் சாய்வாக வெட்டியது போல இருக்கும். யானை புல்லைக் கொத்தாகப் பிடுங்கி, வேர்மண்ணைக் காலில் தட்டிவிட்டுத் தின்னும்.

முதல் வருஷம் வேலிக்குள் பச்சென்று உயர்ந்து நின்றது. மேய்ச்சல் கெடுதல்தான் என்று நானும் முடிவு கட்டினேன். இரண்டாம் வருஷம் உள்ளே உயரமான புல் இரண்டு வகை எல்லாவற்றையும் மூடிவிட்டது. தும்பையும் அறுகும் கீழாநெல்லியும் வெளியேதான் இருந்தன. புல்லுக்கு வளரும் முனை அடியில், மண்ணை ஒட்டி. நுனியைக் கடித்தால் மறுபடி வரும். மரக்கன்றுக்கு முனை உச்சியில், அதைக் கடித்தால் அது திணறும். அதனால் மேய்கிற இடத்தில் புல்லும் தரையோடு படர்கிற செடியும் பிழைக்கின்றன, மரம் பின்தங்குகிறது. வெளியே நிற்கிற இலந்தையைப் பாருங்கள். வருஷக்கணக்கில் கடிபட்டுக் கடிபட்டுக் குட்டையாக, கத்தரித்துவிட்ட குடை மாதிரி அகலும். நடுக்கிளை ஒன்று மான் வாய்க்கு எட்டாமல் போன அன்றுதான் மரமாக எழும்.

ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். நீர்ப்புல் பெருகி நீர்நிலைகளை அடைத்தது, பறவைகளுக்குத்தான் இடம் குறைந்தது. அந்தமானில் நேரெதிர். ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட புள்ளிமானுக்கு அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. காட்டின் கீழ்த்தளமே வெறிச்சோடியது. ஒரு சதுரத்தை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.

கடைசியாக என் தவறு ஒன்று, உங்களுக்கு உதவும். மூன்றாம் வருஷம் வேலிக்குள் வேம்பும் உண்ணிச்செடியும் சந்தனமும் ஏராளமாக முளைத்தன. மான் கடிக்காததால் தப்பியவை என்று நோட்டில் எழுதினேன். ஒரு நாள் காலையில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அங்கே போய் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், என் வேலிக் கம்பங்களின் மேல் நான்கு சின்னான்கள். கன்றெல்லாம் கம்பத்தை ஒட்டியே முளைத்திருந்தன. பறவைக்கு உட்காரக் கம்பம் கொடுத்துவிட்டு மானின் மேல் கணக்கு எழுதியிருக்கிறேன். ஆகவே வெளிச் சதுரத்திலும் வலை இல்லாமல் அதே உயரத்தில் நான்கு கம்பம் நட்டுவிடுங்கள். நான் நட்டுவிட்டு, இரண்டு சதுரத்திலும் முளைத்திருந்த கன்றுகளையெல்லாம் பிடுங்கி, நோட்டில் புதுப்பக்கம் தொடங்கியிருக்கிறேன்.