சேற்று டிராகனுக்குப் பெயர் வைக்கும் முன்: 13 எண்ணினீர்களா, 11 எண்ணினீர்களா?

சேலத்தில் உட்கார்ந்து கடல் சேற்று உயிரிகளைப் படிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்பதே பதில். நல்ல நுண்ணோக்கி, பதப்படுத்திய மாதிரி, பொறுமை மூன்றும் போதும். ஆனால் ‘சேற்று டிராகன்’ எனப்படும் முள்ளுடைய நுண்விலங்குத் தொகுதியான கைனோரிங்காவை எடுக்கும் புதியவர்களின் வரைவுகளில் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. ஸ்லைடில் காற்றுக்குமிழி, மங்கிய படம் போன்றவை தானாகச் சரியாகிவிடும். இங்கே எழுதுவது பெயரையே கெடுக்கும் பிழைகளைப் பற்றி.

ஏற்காடு ஏரியில் தேடுவது

கைனோரிங்கா முழுக்க முழுக்கக் கடல் சார்ந்த தொகுதி. கழிமுகத்து உவர்நீர் வரை வரும், நன்னீருக்கு வராது. ஏற்காடு ஏரிச் சேற்றிலோ மேட்டூர் அணைச் சேற்றிலோ முள்ளோடு நெளிவது கேஸ்ட்ரோட்ரிக்கா என்ற வேறொரு நுண்விலங்காக இருக்கலாம், பூச்சிப் புழுவாக இருக்கலாம், சேற்று டிராகனாக இருக்காது. ஆத்தூர் வழியே ஓடும் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. நம் மாவட்டத்து நீர் போய்ச் சேரும் அந்தக் கழிமுகத்துச் சேற்றில் தேடுங்கள். மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டரை மட்டும் வழித்தெடுங்கள். கீழே கறுத்து நாற்றமடிக்கும் அடுக்கு வேண்டாம். வெயிலில் பேருந்தில் உயிரோடு கொண்டுவர நினைக்காமல் கரையிலேயே பதப்படுத்திவிடுங்கள்.

பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கலப்பது

இந்தப் பிழையைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எரிச்சல் வருகிறது. மாதக்கணக்கான உழைப்பு இதில் வீணாகிறது. அதைவிடக் கெடுதல், இல்லாத ஒரு சிற்றினம் அச்சில் ஏறிவிடும் ஆபத்து.

கைனோரிங்காவின் உடல் மூன்று பகுதி: உள்ளே இழுத்துக்கொள்ளும் தலை, கழுத்து, அதன் பின் 11 கண்டங்கள் கொண்ட உடற்பகுதி. பழைய ஆய்வாளர்கள் தலையை 1, கழுத்தை 2 என்று எண்ணி, மொத்தம் 13 ‘ஜோனைட்’ என்று எழுதினார்கள். ஜெலிங்காவின் 1928ஆம் ஆண்டுப் பெருநூல் தொடங்கி ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டு முழுக்க இந்தக் கணக்குதான். 2000களின் தொடக்கத்திலிருந்து உடற்பகுதியை மட்டும் 1 முதல் 11 வரை எண்ணுகிறோம். ஆகவே பழைய 3 என்பது இன்றைய 1, பழைய 13 என்பது இன்றைய 11. இரண்டைக் கழித்தால் போதும்.

இவ்வளவு எளிய கணக்கில் ஏன் சறுக்குகிறார்கள்? கலந்துவிட்ட எண் அபத்தமாகத் தெரிவதில்லை, அதனால்தான். எக்கினோடெரெஸ் என்ற கைனோரிங்காப் பேரினத்து விலங்கு ஒன்றின் முதுகு நடுக்கோட்டில் 4, 6, 8ஆம் கண்டங்களில் முள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதே விலங்கைப் பழைய கட்டுரை 6, 8, 10 என்று சொல்லும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் 6, 8 இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ‘முன்னால் ஒரு முள் கூடுதல், பின்னால் ஒன்று குறைவு’ என்று மட்டும் தோன்றும். மூன்று முள்ளும் பொருந்தாமல் போயிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இரண்டு பொருந்தி ஒன்று விலகும்போது, நெருங்கிய உறவுள்ள புதிய சிற்றினம் என்ற முடிவுக்குத் துள்ளிக் குதித்துப் போய்விடுகிறார்கள்.

பழைய கட்டுரை என்றால் ‘ஜோனைட்’ என்ற சொல் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். பலர் ‘செக்மென்ட்’ என்றே எழுதிவிட்டு 13 எண்ணியிருக்கிறார்கள். நம் கடலோடு ஒப்பிட முதலில் கையில் எடுப்பவை அந்தக் காலத்துக் கட்டுரைகள்தான்: வங்காள விரிகுடா பற்றி டிம் 1958இல் எழுதியது, அந்தமான் பற்றி ஹிகின்ஸும் ராவும் 1979இல் எழுதியது.

எந்தக் கணக்கு என்று கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். உடலின் கடைசிக் கண்டத்தில் பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட வால்முட்கள் இருக்கும். அவை 13இல் இருப்பதாகக் கட்டுரை சொன்னால் பழைய கணக்கு, 11 என்றால் புதியது. வால்முள் இல்லாத இனமானால், கழுத்தை அடுத்த முதல் வளையத்துக்கு என்ன எண் கொடுத்திருக்கிறார்கள் என்று படத்தில் பாருங்கள்.

குறிப்பேட்டில் மாற்றிய எண்ணை மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு பத்தி (நெடுவரிசை) போடுங்கள்: ‘அச்சில் உள்ளபடி’, ‘இன்றைய எண்’. ஒற்றைப் பத்தியாக இருந்தால் ஆறு மாதம் கழித்து, கழித்தோமா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. இன்னொரு முறை இரண்டைக் கழிப்பீர்கள். அப்படி 4 எண் பின்தங்கிய அட்டவணைகளும் உண்டு.

உங்கள் மாதிரியை எண்ணும்போதும் இதே கவனம் வேண்டும். தலை உள்ளே இழுத்திருந்தால் கழுத்துத் தகடுகள் மூடிபோல் குவிந்து ஒரு வளையமாகத் தெரியும். எக்கினோடெரெஸில் 16 தகடு. அதையே முதல் கண்டம் என்று எண்ணிவிட்டால் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். வாலிலிருந்து 11, 10, 9 என்று முன்னோக்கி ஒருமுறை எண்ணிச் சரிபாருங்கள். எக்கினோடெரெஸில் முதல் இரண்டு கண்டமும் முழு வளையம், மூன்றிலிருந்து ஒரு முதுகுத் தகடும் இரண்டு வயிற்றுத் தகடும். இந்த மாறுமிடம் சரியாக 2க்கும் 3க்கும் நடுவே விழுந்தால் உங்கள் எண்ணிக்கை சரி.

இளம் உயிரிக்குப் பெயர் வைப்பது

பெரிய ஆய்வாளர்களே சறுக்கிய இடம் இது. ஹையலோஃபையெஸ், லெப்டோடெமஸ், சென்ட்ரோப்சிஸ் என்று பேரினப் பெயர்கள் பெற்றவை பின்னாளில் வேறு இனங்களின் இளம் பருவங்கள் என்று தெரிந்தது. முதிர்வதற்குள் ஆறு இளம் பருவங்கள், ஒவ்வொன்றுக்கும் சட்டை உரிப்பு. எக்கினோடெரெஸின் இளம் உயிரிக்கு வால் நுனியில் நடுமுள் ஒன்று உண்டு, முதிர்ந்ததற்குக் கிடையாது. அதை வைத்துப் பேரினத்தையே மாற்றி எழுதுகிறார்கள். தோல் மெல்லியதாக, கண்ட இணைப்புகள் மங்கலாக, பால் அடையாளம் எதுவும் இல்லாமல் இருந்தால் அந்த மாதிரியைப் பெயரிடும் வேலைக்கு எடுக்கவே கூடாது.

ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக்குவது

எக்கினோடெரெஸில் பெண்ணுக்குப் பெரும்பாலும் 11ஆம் கண்டத்தில் வால்முள்ளை ஒட்டித் துணைமுள் ஒரு ஜோடி இருக்கும். ஆணுக்கு அது இருக்காது, அதற்குப் பதில் மூன்று ஜோடி ஆண்குறி முட்கள். பால் பிரித்த பிறகே ஒப்பிடுங்கள்.

ஒரே ஒரு மாதிரி

போதாது.

எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடுவது

டி.என்.ஏ. வேலைக்குப் பாதியைத் தூய எத்தனாலில் வையுங்கள்.

‘கைனோரிங்கஸ்’ பேரினம்

2016இலேயே பிக்னோஃபையெஸ் என்ற பேரினத்துடன் இணைத்தாகிவிட்டது.

‘ஹோமலோராகிடா’

இது கைனோரிங்காவின் பழைய உட்பிரிவு. 2015 முதல் இத்தொகுதிக்கு இரண்டு வகுப்புகள்: சைக்ளோராகிடா, அல்லோமலோராகிடா. பழைய ஹோமலோராகிடாவின் இனங்களோடு, சைக்ளோராகிடாவில் வைக்கப்பட்டிருந்த டிராக்கோடெரெஸ் போன்றவையும் இரண்டாவதற்குள் வந்துவிட்டன. பாடநூலில் இருக்கிறது என்பதற்காகப் பழைய பிரிவையே எழுதாதீர்கள்.

ஆய்வேட்டிலேயே புதுப் பெயரைப் போட்டுவிடுவது

பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கும் ஆய்வேடு விலங்குப் பெயர் விதிகளின்படி வெளியீடாகாது. கருத்தரங்கச் சுருக்கமும் ஆகாது. பெயர் மட்டும் வெளியே கசிந்து, யாருக்கும் பயன்படாத வெற்றுப் பெயராகச் சுற்றும். முறையான கட்டுரை வரும் வரை ‘எக்கினோடெரெஸ் சிற்றினம் 1’ என்றே குறியுங்கள். 1999க்குப் பின் வெளியாகும் சிற்றினப் பெயருக்கு மூல மாதிரி எது, எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2011க்குப் பின் மின்னணு இதழில் மட்டும் வந்தால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் கட்டாயம். இந்தியாவில் இதற்கு மேல் ஒன்று உண்டு: 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, புதிய இனத்தை அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கான அத்தகைய காப்பகங்களில் ஒன்று இந்திய விலங்கியல் ஆய்வகம் (ZSI). துறை அலமாரியில் பூட்டி வைத்த ஸ்லைடு இதற்குச் சமமாகாது.

அடைப்புக்குறியை அலங்காரமாக நினைப்பது

சிற்றினப் பெயருக்குப் பின் வருவது அதை முதலில் விவரித்தவர் பெயரும் ஆண்டும். எக்கினோடெரெஸ் துஜார்தினி கிளாபரேட், 1863: அடைப்புக்குறி இல்லை, ஏனெனில் இன்று இருக்கும் பேரினத்திலேயே அன்றும் வைத்தார். எக்கினோடெரெஸ் பெங்காலென்சிஸ் (டிம், 1958): அடைப்புக்குறி உண்டு, ஏனெனில் டிம் அதை எக்கினோடெரெல்லா என்ற பேரினத்தில் விவரித்தார். அந்தக் குறியைப் பார்த்ததும் மூலக் கட்டுரையைத் தேடி எடுத்து, அதில் எந்தப் பேரினப் பெயர் இருக்கிறது, கண்டங்களை எத்தனை என்று எண்ணியிருக்கிறார் என்ற இரண்டையும் குறிப்பேட்டின் முதல் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.