ஆன் போட்டால் ஆஃபும் போடுங்க: வீவக வீட்டுக்கு ரொட்டீன் அமைக்கும் முறை

சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில், ஸ்மார்ட் பல்பும் பிளக்கும் வாங்கி மாட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துத் தட்டுவதென்றால் சுவர் சுவிட்சே தேவலை. எது எப்போது தானாக ஓடணும் என்று செயலியில் முன்கூட்டியே எழுதி வைக்கும் ரொட்டீன் போட்டால்தான் செலவழித்த வெள்ளிக்குப் பலன். ஆனால் எதையாவது ஆன் செய்ய ஒன்று எழுதினால், அது எப்போது ஆஃப் ஆகணும் என்பதையும் கையோடு எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை. இரவு பத்தரைக்கு ஏர்கான் ஓடணும் என்று மட்டும் வைத்திருந்தேன், காலையில் கையால் அணைப்போம். டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஆளில்லாத அறையில் அது பாட்டுக்கு ஓடி, வந்து பில்லைப் பார்த்தபோது வயிறெரிந்தது.

கூகுள் ஹோம், அலெக்ஸா, ஆப்பிள் ஹோம் என எந்தச் செயலியானாலும் கேட்பது மூன்றுதான்: எப்போது, எந்த நிலையில், என்ன செய்யணும். ஆப்பிளில் ரொட்டீன் தானாக ஓட, வீட்டுக்குள் ஹோம்பாட் ஸ்பீக்கரோ ஆப்பிள் டிவி பெட்டியோ இருக்கணும். கருவி சேரவே மாட்டேன் என்றால் முதலில் வைஃபையைப் பாருங்கள், பெரும்பாலான பிளக்கும் பல்பும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும்.

முதல் ரொட்டீனை வீட்டில் மூத்தவருக்காகப் போடுங்கள். இங்கே வருஷம் பூராவும் ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது, அம்மா ஐந்தரைக்கு எழும்போது கும்மிருட்டு. நடைவழியில் ஒரு அசைவு சென்சார் வைத்தேன்: இரவு 11 முதல் காலை 7 வரை யாராவது நடந்தால் விளக்கு 10 சதவீதம், மஞ்சள் வெளிச்சம், அசைவு நின்று மூன்று நிமிஷத்தில் அணையணும். முழு வெளிச்சம் வைத்தால் தூக்கக் கண் கூசி, அதிலேயே கால் இடறும். சென்சாரைக் கணுக்கால் உயரத்தில், கட்டிலைப் பார்க்காமல் கழிவறைக் கதவைப் பார்க்கிற மாதிரி ஒட்டுங்கள், இல்லையென்றால் புரண்டு படுத்தாலே விளக்கு எரியும்.

சாயங்காலத்துக்குச் சூரிய அஸ்தமனக் கணக்கெல்லாம் இங்கே வேண்டாம். பொழுது சாயும் நேரம் வருஷம் முழுக்க அரை மணிக்கு மேல் மாறாது. சாமி மாட விளக்குக்கு ஆறரை, ஹாலுக்கு ஏழு, அவ்வளவுதான்.

ஏர்கானுக்கு ரிமோட் போலச் சிக்னல் அனுப்பும் அகச்சிவப்புக் கருவி போதும். அது அனுப்பும், ஏர்கான் கேட்டதா என்று அதற்குத் தெரியாது. அதனால் ஆனுக்கும் ஆஃபுக்கும் 'பவர்' என்று ஒரே பொத்தானைப் பதிவு செய்யாமல், 'கூல் 25' ஒன்று, 'ஆஃப்' ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். ஆஃப் இரண்டு தடவை போனாலும் கெடுதல் இல்லை. நான் காலை 5 மணிக்கும், சந்தேகத்துக்கு 9 மணிக்கும் ஆஃப் போட்டிருக்கிறேன், ஐந்துக்கு விசிறி சுழல ஆரம்பிக்கும்.

'எல்லாரும் வெளியே போனால் அனைத்தையும் அணை' என்பதில் மட்டும் கவனம். அது பெரும்பாலும் போன் இருக்கும் இடத்தைத்தான் பார்க்கிறது. அம்மாவின் போனோ பணிப்பெண்ணின் போனோ செயலியில் சேராமல் இருந்தால், நீங்கள் வேலைக்குக் கிளம்பியதும் வீடு காலி என்று முடிவு கட்டி, உள்ளே இருப்பவர் தலைக்கு மேல் ஓடும் விசிறியை நிறுத்திவிடும். அவர்களைச் சேர்க்க முடியாவிட்டால் அந்த ரொட்டீனே வேண்டாம்.

வாட்டர் ஹீட்டரை ஸ்மார்ட் பிளக்கில் கொண்டுபோய்ச் சொருகாதீர்கள். சுவர் சுவிட்சை எடுத்துவிட்டு ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டுவதும் உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்குத் தேவையான நியூட்ரல் வயர் பல வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் கிடையாது, வாங்குவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பார்க்க அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு ரொட்டீன் போட்டால் மூன்று நாள் ஓடட்டும், அப்புறம் அடுத்தது. கடைசியாக, அம்மா கட்டிலில் படுத்தபடியே எட்டும் உயரத்தில் ஒரு வயர் இல்லாத பொத்தானை ஒட்டுங்கள்: ஒரு அழுத்து, எல்லா விளக்கும் அணையணும், நீளமாக அழுத்தினால் வீடு முழுக்க எரியணும்.