கான்ஃபிக்மேப்ல யார் எதுக்கு எந்த வேல்யூ வச்சாங்கன்னு எழுதி வச்ச கதை

எங்க குபர்நெட்டீஸ் (ஆப்களை கன்டெய்னர்ல ஓட்டி நிர்வகிக்கற சிஸ்டம்) நேம்ஸ்பேஸ்ல, அதாவது அதுல எங்களுக்குன்னு பிரிச்ச பகுதியில, கான்ஃபிக்மேப் (ஆப்போட செட்டிங்குகளை பேரும் வேல்யூவுமா வச்சிருக்கறது) குவிஞ்சு கிடந்துச்சு, டைம்அவுட் 90ன்னு ஒரு கீ (செட்டிங்), யார் வச்சா, ஏன் வச்சான்னு கேட்டா யாருக்கும் தெரியாது, மாத்தவும் பயம். சரி கியூப்சிடிஎல் (குபர்நெட்டீஸுக்கு கமாண்ட் குடுக்கற டூல்) வச்சு மேல ஒரு குறிப்பு ஒட்டிடலாம்னு முதல்ல லேபிள் கமாண்ட் அடிச்சேன், ஓனரோட மெயில் ஐடியைக் குடுத்ததுமே எரர். லேபிள் வேல்யூல 63 எழுத்து தான் லிமிட், ஸ்பேஸ் கூடாது, மெயில்ல வர்ற அட் குறியும் கூடாது. லேபிள் தேடி எடுக்கறதுக்குன்னே இருக்கறது, கறாரா தான் இருக்கும்.

அனோடேட் கமாண்டுக்கு மாறினேன், அது ஒட்டற குறிப்புக்குப் பேரு அனோடேஷன், எல்லாம் சேர்த்து 256 கேபி வரைக்கும் எது வேணா எழுதலாம், தமிழ்லயே "பேமென்ட் சைடு ஸ்லோ, குறைக்காதீங்க"ன்னு போட்டேன், அப்படியே ஏத்துக்குச்சு! ஒரே குறை, அனோடேஷன் மொத்த கான்ஃபிக்மேப்புக்கு தான் ஒட்டும், உள்ள இருக்கற தனித்தனி கீக்கு ஒட்டாது. அதனால அனோடேஷன் பேரையே அந்த கீயோட பேரா வச்சுட்டேன், முன்னாடி நோட்னு ஒரு ப்ரீஃபிக்ஸும் ஸ்லாஷும், விவரம் காட்டற டிஸ்கிரைப் கமாண்ட் அடிச்சா எது எதுக்குன்னு பளிச்னு தெரியுது.

ஏற்கனவே இருக்கறதை மாத்தணும்னா ஓவர்ரைட் ஃபிளாக் குடுக்கணும், இல்லன்னா விடாது. எடுக்கணும்னா பேருக்குப் பின்னாடி ஒரு மைனஸ் போதும்.

கையால ஒட்டினது அப்புறம் ஃபைலை அப்ளை பண்ணாலும் (ஃபைல்ல இருக்கற மாற்றத்தை மட்டும் சேர்க்கற கமாண்ட்) நிக்குது, ஆனா யாராவது பழைய ஃபைலை வச்சு ரீப்ளேஸ் (மொத்தத்தையும் ஃபைல்ல இருக்கறபடியே மாத்தற கமாண்ட்) அடிச்சா மொத்தமா போயிடும், அதனால கான்ஃபிக்மேப்போட யாம்ல் ஃபைல்லயும் எழுதி கிட்ல (ஃபைல் மாற்றங்களைச் சேமிச்சு வைக்கற டூல்) ஏத்திட்டேன்.