இனிப்பு நீர் உள்ள வீட்டுல கண்ணைக் காப்பாத்துற சாப்பாடு

கண்ணு நல்லா இருக்கணும்னா கேரட் சாப்பிடுன்னு எல்லா அம்மாவும் சொல்வாங்க, சரிதான், ஆனா கோலாலம்பூர்ல நம்ம வீடுகள்ல அதுக்கும் முன்னாடி கை வைக்க வேண்டியது தே தாரிக் கிளாஸ்ல இருக்கிற சீனியில. 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவுல பெரியவங்கள்ல 15.6 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய ஆறுல ஒருத்தருக்கு, இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய் இருக்கு. ரத்தத்துல சீனி வருஷக்கணக்கா ஏறியே கிடந்தா விழித்திரையில ஓடுற பொடிப்பொடி ரத்தக் குழாய்ங்க பழுதாகி கசிய ஆரம்பிக்கும். ஆரம்பத்துல வலிக்காது, பார்வையும் மங்காது, அதான் ரொம்பப் பேரு கடைசி நேரத்துல ஓடுறாங்க.

அதனால மொதல்ல குடிக்கிற சீனியை நிறுத்துங்க. மாமாக் கடையில தே தாரிக், மைலோ ஐஸ், சிரப் பண்டோங்னு எதைக் கேட்டாலும் டின் பாலும் சீனியும்தான் வருது. ஒரேயடியா விட முடியலன்னா ரெண்டு மூணு வாரம் "குராங் மானிஸ்"னு, இனிப்பு கம்மியா கேட்டுக் குடிங்க, நாக்கு பழகினதும் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறிடுங்க. தட்டுக்கு நம்ம சுகாதார அமைச்சு சொல்ற சூக்கு-சூக்கு-செபாரோ கணக்கே போதும், கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதி தட்டு காய்கறியும் பழமும். இன்சுலினோ சீனியைக் குறைக்கிற மாத்திரையோ எடுக்கிறவங்க சோத்தைத் திடீர்னு குறைச்சா சீனி ரொம்ப இறங்கி மயக்கம் வரலாம், டாக்டர்கிட்ட சொல்லிட்டு செய்யுங்க.

அடுத்தது கீரை, எனக்குக் கேட்டா இதுதான் ரொம்ப முக்கியம். விழித்திரைக்கு நடுவுல மாக்குலான்னு ஒரு சின்ன இடம் இருக்கு, எழுத்துப் படிக்கிறது, ஆள் முகம் பார்க்கிறது எல்லாம் அதாலதான். அங்க லூட்டின், ஸியாக்ஸாந்தின்னு ரெண்டு மஞ்சள் சத்து படிஞ்சு நீல வெளிச்சத்தைக் கொஞ்சம் தடுக்குது, அது ரெண்டையும் உடம்பு தானா தயாரிக்காது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். சௌக்கிட் பாசார்ல பாயாம், காங்கோங், முருங்கைக்கீரை எல்லாம் கட்டுக்கட்டா கிடைக்கும், தினம் ஒரு வேளையாவது தட்டுல இருக்கட்டும். வெறும் தண்ணியில அவிச்சு சாப்பிடாதீங்க, இந்தச் சத்து கொழுப்போட சேர்ந்தாதான் உடம்புல ஒட்டும், அதனால கொஞ்சம் எண்ணெயில பூண்டு தாளிச்சு வதக்குங்க, இல்ல தேங்காப்பூ தூவுங்க. முட்டை மஞ்சக்கருவுலயும் லூட்டின் இருக்கு, அதுலயே கொழுப்பும் இருக்கிறதால நல்லா சேரும். கிட்னி பிரச்சினை உள்ளவங்களும் ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்களும் கீரையை இஷ்டத்துக்குக் கூட்டாதீங்க, எவ்வளவுன்னு கிளினிக்ல கேட்டுக்கோங்க.

கேரட், மஞ்சள் பூசணி, ஆரஞ்சு கலர் கெலெடெக்னு சொல்ற சக்கரைவள்ளிக் கிழங்கு, பப்பாளி இதுலெல்லாம் பீட்டா கரோட்டின், உடம்பு அதை வைட்டமின் ஏ-வா மாத்திக்கும். அது ரொம்பக் குறைஞ்சா மொதல்ல இருட்டுல கண்ணு தெரியாம போகும். பச்சையா கடிக்கிறதை விட வேக வச்சு எண்ணெய் சேர்த்தா நல்லா சேரும், பூசணிக்கா சாம்பாரே அருமையான மருந்து. நம்ம ஊரு செம்பனை எண்ணெய் கூட இயற்கையில சிவப்பாத்தான் இருக்கும், அந்தச் சிவப்பு கரோட்டின்தான், சுத்திகரிச்சு மஞ்சளாக்கும்போது கிட்டத்தட்ட எல்லாம் போயிடுது.

மீன் வாரத்துக்கு ரெண்டு தடவை, விலை கூடின சால்மன் தேவையே இல்ல, இக்கான் கெம்போங்லயும் மத்தியிலயும் ஒமேகா 3 நிறைய இருக்கு, பொரிக்காம கொழம்பு வைங்க.

பார்மசியில கண்ணு மாத்திரை ஒரு போத்தல் என்ன விலைன்னு பார்த்திருப்பீங்க. டாக்டர் பார்த்து மாக்குலா தேய்மானம் நடுக்கட்டத்துல இருக்குன்னு சொன்னவங்களுக்கு ஏரெட்ஸ் 2 வகை வைட்டமின், தாதுச் சத்து மாத்திரை, நோய் முத்துறதைத் தள்ளிப்போட உதவும். மத்தவங்க அந்தக் காசுல கீரையும் கொய்யாவும் வாங்கலாம். சிகரெட் பிடிக்கிறவங்க பீட்டா கரோட்டின் மாத்திரை பக்கமே போகாதீங்க, நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுதுன்னு ஆராய்ச்சியிலயே தெரிஞ்சிருக்கு, அதோட சிகரெட்டே கண்ணுக்குப் பெரிய எதிரி.

எவ்வளவு நல்லா சாப்பிட்டாலும் இனிப்பு நீர் இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் படம் எடுத்துப் பாருங்க, அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல கேளுங்க. குடும்பத்துல கிளாக்கோமா இருந்தா கண் அழுத்தமும் பார்க்கணும், அதை சாப்பாட்டால தடுக்க முடியாது. திடீர்னு கண்ணுக்குள்ள கரும்புள்ளி கொட்டுற மாதிரி இருந்தாலோ, மின்னல் அடிக்கிற மாதிரி தெரிஞ்சாலோ, திரை விழுற மாதிரி ஒரு பக்கம் மறைஞ்சாலோ நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.