கால்பந்து மைதானத்தில் கழுத்தில் அடிபட்டால்: முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியவை

1956ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் நடந்தது. மான்செஸ்டர் சிட்டி அணியின் கோல்கீப்பர் பெர்ட் டிரவுட்மன், எதிரணியான பர்மிங்காம் சிட்டியின் பீட்டர் மர்ஃபியின் காலடியில் பாய்ந்து பந்தைத் தடுத்தபோது, மர்ஃபியின் முழங்கால் அவருடைய கழுத்தில் மோதியது. ஆட்டம் முடிய இன்னும் 17 நிமிடங்கள் இருந்தன. மாற்று ஆட்டக்காரரை இறக்க அந்நாளைய விதி இடம் தராததால், அவர் தள்ளாடியபடியே கடைசிவரை கோலைக் காத்தார். அணி 3-1 என்று வென்றது. சில நாட்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பு பிளந்திருப்பது தெரிந்தது. மூன்றாம் முள்ளெலும்பு ஆப்பு அடித்ததுபோல் அதனோடு இறுகி நின்றதால் உடைந்த எலும்பு மேலும் நகரவில்லை, அவர் பிழைத்தார்.

இதை வீரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். சிறுவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்கள் இதிலிருந்து வேறொன்றைக் கற்க வேண்டும் என்பது என் கருத்து. கழுத்தெலும்பு முறிந்தவரால் எழுந்து நிற்கவும் விளையாடவும்கூட முடியலாம். ஆகவே, “எழுந்துவிட்டான், ஒன்றும் இல்லை” என்று முடிவு கட்டக் கூடாது. டிரவுட்மனுக்கு ஓர் எலும்பு தற்செயலாகச் செய்த வேலையை, கீழே விழுந்து கிடக்கும் பிள்ளைக்கு நம் இரண்டு கைகள் தெரிந்தே செய்ய வேண்டும்.

தலை குப்புற விழுந்தாலோ, இருவர் தலையோடு தலை மோதினாலோ, கோல்கீப்பரின் தலையிலோ கழுத்திலோ முழங்கால் இடித்தாலோ, கோல் கம்பத்தில் தலை மோதினாலோ, கழுத்திலும் அடிபட்டிருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். நடுக்கழுத்தில் வலி, கை கால்களில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, பிடியில் வலுக்குறைவு ஆகியவை அபாய அறிகுறிகள். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் முதுகில் முழங்கால் பட்டு விழுந்த 22 வயது பிரேசில் வீரர் நெய்மார், கால்களை உணர முடியவில்லை என்றுதான் சக வீரரிடம் முதலில் சொன்னார். அவருக்கு முறிந்தது இடுப்புப் பகுதியின் மூன்றாம் முள்ளெலும்பு; முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் தப்பியதால் சில வாரங்களில் மீண்டும் விளையாடினார். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அலட்சியம் வேண்டாம். ஆட்டத்தின் வேகத்திலும், வேறோர் இடத்தின் கடுமையான வலியிலும் கழுத்து வலி தெரியாமல் போகக்கூடும்.

ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். விழுந்தவரின் பார்வை படும் திசையிலிருந்தே அருகில் செல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் இயல்பாகவே தலையைத் திருப்பிவிடுவார். “அசையாதே தம்பி, தலையாட்டாமல் வாயால் மட்டும் பதில் சொல்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் அவருடைய தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கைகளைத் தரையிலோ தம் தொடைகளிலோ ஊன்றி, தலையின் இருபுறமும் உள்ளங்கைகளை வைத்து, காதுகளை மூடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுக்கவோ, சாய்ந்திருக்கும் கழுத்தை வலிய நேராக்கவோ கூடாது. இருக்கும் நிலையிலேயே அசையாமல் தாங்குவதுதான் வேலை. ஆம்புலன்ஸ் குழுவினர் பொறுப்பேற்கும் வரை கையை எடுக்கக் கூடாது என்பதால், பொறுமையுள்ள ஒருவரையே இதற்கு அமர்த்துங்கள். இதற்குள் இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

நம் மைதானங்களில் அன்பினால் செய்யப்படும் தவறுகளே அதிகம். தூக்கி உட்காரவைப்பது, தண்ணீர் புகட்டுவது, எண்ணெய் தேய்த்து நீவுவது, சுளுக்கு எடுப்பதாகக் கழுத்தைத் திருகுவது, மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து மருத்துவமனைக்கு விரைவது ஆகிய எதையும் செய்யாதீர்கள். எலும்பு முறிந்திருந்தும் தண்டுவடம் சேதமில்லாமல் இருக்கும் நிலையில், அசைவே அந்தச் சேதத்தை உண்டாக்கிவிடலாம். மூச்சை இழுக்க உதவும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் மட்டங்களிலிருந்து வருகிறது. அதற்கு மேலே தண்டுவடம் அறுபட்டால் மூச்சே நின்றுவிடும். கழுத்துப் பட்டை கையில் இருந்தாலும், பயிற்சி இல்லாதவர்கள் அதை மாட்ட முயல வேண்டாம். மாட்டும்போதே கழுத்து அசைந்துவிடும்.

இவை அனைத்துக்கும் மேலான ஒரு விதி உண்டு: மூச்சுதான் முதலில், கழுத்து அதற்குப் பிறகுதான். நினைவிழந்தவருக்கு மூச்சு இல்லை என்றால், கழுத்தைப் பற்றிய அச்சத்தில் தயங்கி நிற்காமல், மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்காதபடி அவரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அப்போது தலையைப் பிடித்திருப்பவரே கட்டளையிட, தோள், இடுப்பு, கால் என ஆளுக்கோர் இடத்தைப் பிடித்து, தலையும் உடலும் ஒரே மரக்கட்டைபோல் சேர்ந்து திரும்புமாறு நான்கு பேரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். ஆட்டப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்து இதைப் பழகிக்கொள்ளுங்கள். படித்ததை மட்டும் நம்பி முதல் முறையாகச் செய்யும்போது கைகள் ஒத்துழைக்காது.

மருத்துவமனையில், அடி எப்படிப் பட்டது, விழுந்தவுடன் கை கால் அசைந்ததா, மரத்துப்போனதா, எவ்வளவு நேரம் என்பதை மருத்துவரிடம் பெற்றோரோ பயிற்சியாளரோ தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடமே மரத்திருந்து சரியாகிவிட்டாலும் அதை மறைக்காதீர்கள். சாதாரண எக்ஸ்ரேயில் சில முறிவுகள் புலப்படுவதில்லை என்பதால், மருத்துவர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம். சிறுவர்களில், எலும்பு நன்றாகவே இருப்பதாகப் படம் காட்டினாலும் தண்டுவடம் அடிபட்டிருக்கக்கூடும், அதற்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சில நாட்கள் கவனித்து வாருங்கள். கையில் புதிதாக மரப்பு, நடையில் தடுமாற்றம், சிறுநீர் கழிப்பதில் சிரமம், கூடிக்கொண்டே போகும் கழுத்து வலி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே திரும்ப அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் அனுமதித்து, கழுத்து எல்லாப் பக்கமும் வலியின்றித் திரும்பி, பழைய வலுவும் வந்த பிறகே பிள்ளை மைதானத்துக்குத் திரும்பலாம். அப்போதும் முதல் சில வாரங்கள் ஓட்டமும் தனிப்பயிற்சியும் மட்டும் போதும். தலையால் பந்தை முட்டுவதையும் நேரடி மோதலையும் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.